சஹஸ்ரா என்றால் ‘புதிய தொடக்கம்’ என்று யார் சொன்னது?

தெலுங்கு வீடுகளில் சஹஸ்ரா என்ற பெயர் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. குழந்தைப் பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினால், அதற்கு எதிரே ‘புதிய தொடக்கம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். சஹஸ்ரம் என்றால் ஆயிரம். விஷ்ணு சஹஸ்ரநாமம், லலிதா சஹஸ்ரநாமம் என்று அன்றாடம் வாயில் புழங்கும் சொல். இதில் தொடக்கமும் இல்லை, புதுமையும் இல்லை. ஆயிரம் என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம். கேள்வி அதுவல்ல. பூஜை அறையில் உட்கார்ந்தபடியே சரிபார்த்துவிடக்கூடிய ஒரு பொருள், பதிப்புக்குப் பதிப்பு எப்படித் தப்பிப் பிழைக்கிறது? பெயர்ப் புத்தகங்களின் ‘பொருள்’ பத்தியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதை எடைபோட ஏர்பேடு பொருத்தமான இடம். ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவே, கூடூர் ரயில் பாதையில் இருக்கும் மண்டலத் தலைமையிடம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறக்கும்வரை சித்தூர் மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தக் காளஹஸ்திச் சீமை வடஆற்காட்டோடு இருந்தது. ஒரு பக்கம் திருமலை, ஒரு பக்கம் காளத்தி. 1926இல் மலையாள சுவாமி நிறுவிய வியாசாசிரமம் இங்கேதான். பெண்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் சமஸ்கிருதமும் வேதாந்தமும் படிக்கக் கதவைத் திறந்துவிட்ட இடம். 2015இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியின் நிரந்தர வளாகமும் இந்த மண்டலத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பாட்டி முனெம்மா, அம்மா பத்மாவதி, பேத்தி லாஸ்யா என்று மூன்று காலமும் ஒரே கூரையின் கீழ் வாழும். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் பெயர்களுக்குள் கலந்து கிடக்கும்.

ஒரு பெயரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அந்தச் சொல், சொல்லப்படும் மொழியில், சொல்லப்படும் பொருளில் இருக்கிறதா? அந்தப் பெயர் யாரிடமிருந்து வந்தது: தெய்வமா, பாட்டியா, சினிமாக் கதாநாயகியா? அந்த ஊர் வாயில் அது எப்படிப் புழங்குகிறது? பெயர்ப் புத்தகம் மூன்றையும் ஒரே வரியில் குழைத்து ‘பொருள்’ என்று போட்டுவிடுகிறது. குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

அலமேலுவை எடுத்துக்கொள்வோம். அலர் என்றால் மலர். அலர்மேல்மங்கை, தாமரை மலர்மேல் இருக்கும் மங்கை. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் திருவேங்கடத்துப் பாசுரத்திலேயே இந்தப் பெயர் இருக்கிறது. அன்னமாசாரியர் தம் தெலுங்குக் கீர்த்தனைகளில் அலமேலுமங்க என்று பாடினார். தெலுங்கு வாயில் அது அலிவேலும் ஆயிற்று. திருச்சானூரில் அதே தாயார் பத்மாவதி, தாமரையை உடையவள். தமிழும் சமஸ்கிருதமும் ஒரே படிமத்தை இரண்டு சொல்லால் சொல்கின்றன. ஆனால் ‘அலமேலு’ என்று மட்டும் வெட்டி எடுத்தால் இலக்கணப்படி மிஞ்சுவது ‘மலர்மேல்’. மலர்மேல் யார் என்ற கேள்விக்குப் பதிலான மங்கை அந்தப் பெயரில் இல்லை. அவள் தனியே கழன்று போய் மங்க, மங்கம்மா என்று வேறொரு பெயரானாள். தமிழ் மங்கை தெலுங்கில் மங்கவாகி, மதுரை நாயக்கர் காலத்தில் ராணி மங்கம்மாளாகத் தமிழுக்கே திரும்பி வந்தாள், பின்னால் ஒரு ‘ள்’ சேர்த்துக்கொண்டு. ஒரே பெயரின் தலையும் வாலும் இரண்டு பெண்களுக்குப் பெயராகி, இரண்டுமே நிலைத்தன. அகராதிப் பொருள் பாதியாகிப் போனதால் யாருக்கும் குறை ஒன்றும் வரவில்லை. அலமேலு என்று கூப்பிட்டால் அந்த வட்டாரத்தில் தாயார்தான் நினைவுக்கு வருவாள்; தாமரை வருவதில்லை.

வெங்கடம்மா, வெங்கம்மா, வெங்கடலட்சுமி ஆகிய பெயர்கள் வேங்கடத்திலிருந்து வந்தவை என்பதில் சந்தேகமில்லை. வேங்கடம் என்றால் என்ன என்பதில்தான் வழக்கு. தலபுராண வழி ‘வேம்’ என்பது பாவம், ‘கட’ என்பது எரித்தல். பாவத்தை எரிக்கும் மலை. சமஸ்கிருதத்தில் பாவத்துக்கு வேம் என்ற சொல்லைப் பொது வழக்கில் தேடினால் கிடைக்காது. மந்திர அட்சரமாகத்தான் கொள்ள வேண்டும். தமிழ் வழியில் கடம் என்பது கடத்தற்கரிய காட்டுவழி. சங்க அகப்பாடல்களில் வேங்கடம், பொருள் தேடிப் போகிறவன் தாண்ட வேண்டிய வெம்மையான நிலமாகவே வருகிறது. ‘வெம்’ என்றால் ஏன் நெடில் ஆயிற்று என்று மடக்கலாம். ‘வேம்’ என்றாலும் வேகும், எரியும் என்றே பொருள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு வழியிலும் நெருப்பு இருக்கிறது. புராணம் பாவத்தை எரிக்கிறது, தமிழ் கால்களை எரிக்கிறது. சான்றின் பலம் தமிழ்ப் பக்கம் என்பதே என் கணிப்பு. ஆனால் தரிகொண்ட வெங்கமாம்பாவுக்கு (1730–1817) அந்தச் சான்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் பெயர் சாமியின் பெயர், அவ்வளவுதான். இன்று திருமலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து சாப்பிடும் அன்னதானக் கூடத்துக்கு அவர் பெயர். அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைப்பவர்கள் அருகிவிட்டார்கள்.

முனெம்மாவும் அப்படித்தான். தமிழில் முனியம்மா. இந்த வட்டாரத்தின் அசல் பெயர் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். சித்தூர் மாவட்டத்துக்காரரான கேசவரெட்டி தம் தெலுங்கு நாவல் ஒன்றுக்கே ‘முனெம்மா’ என்று பெயர் வைத்தார். எந்தப் பெயர்ப் புத்தகத்திலும் இதைப் பார்க்க முடியாது. பொருள் இல்லாததாலா? முனி என்பதற்குப் பொருள் இல்லாமலா போயிற்று? அழகு, செல்வம், ஒளி என்ற மூன்று குப்பிகளில் அடைக்க முடியாத பெயர்களைப் புத்தகங்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. கங்கம்மாவின் கதியும் அதுவே. திருப்பதியில் ஆண்டுதோறும் தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு ஜாத்திரை அமர்க்களப்படும். பெயர்ப் பட்டியலில் மட்டும் அவளுக்கு இடம் கிடையாது.

காளத்திக்கு வருவோம். அம்மனின் தமிழ்ப்பெயர் ஞானப்பூங்கோதை, சமஸ்கிருதத்தில் ஞானப்பிரசூனாம்பிகை. பூ ‘பிரசூன’ ஆயிற்று, கோதை அம்பிகை ஆயிற்று. பிரசூனம் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது பிறத்தல். பிறந்தது, மலர்ந்தது, ஆகவே பூ. பிரசவத்தில் இருக்கும் அதே வேர். தெலுங்கு வீடுகளில் பிரசூனா என்று பெண்களுக்குப் பெயர் உண்டு. புத்தகங்களும் ‘மலர்’ என்று சரியாகவே போடுகின்றன. மூன்று கேள்விகளிலும் தேறும் பெயர் இது: சொல் உண்மை, வழி காளத்தி அம்மன், வாயிலும் வழுக்காது. குறை ஒன்றுதான்; ஞானத்தைக் கழற்றிவிட்டுப் பூவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெண் பெயர் என்றால் அதுதானே வழக்கம்.

அதே ஊரில் ஓடும் ஆற்றின் கதை இன்னும் சிக்கல். சேக்கிழார் கண்ணப்பர் கதையில் அதைப் பொன்முகலி என்கிறார். இன்று அது சுவர்ணமுகி. பொன் சுவர்ணமானது நேரான மொழிபெயர்ப்பு. முகலி ‘முகி’யானது மொழிபெயர்ப்பே அல்ல, ஒலியைப் பிடித்துக்கொண்டு பொருளை மாற்றியது. ஆற்றின் பெயர் பொன்முகத்தாள் என்ற பெண்ணாகிவிட்டது. இப்போது சுவர்ணமுகி என்று பெண்ணுக்குப் பெயர் வைத்தால் ‘பொன்னிற முகம் கொண்டவள்’ என்ற பொருள் சமஸ்கிருதப்படி குற்றமில்லாதது; ஆற்றின் வரலாற்றுப்படி பிற்சேர்க்கை. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை. பத்தியில் இடம் இல்லை என்பது பதிலாகாது.

இனி கோதை. இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் பெயர் இது. கோத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல். கோத்தது கோதை, அதாவது மாலை. மாலை சூடிய கூந்தலுக்கும், அந்தக் கூந்தலை உடைய பெண்ணுக்கும் ஆகிவந்தது. பெண்பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சங்ககாலத்தில் சேர மன்னர்கள் கோதை என்று பெயர் பூண்டார்கள். கோக்கோதை மார்பன், குட்டுவன் கோதை என்று இலக்கியத்தில் வருகிறார்கள். கரூரில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் ஆண் தலையோடு ‘மாக்கோதை’ என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. போருக்குப் போகிறவனும் மாலை சூடினான் அல்லவா. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது பெரியாழ்வார் மகள் ஆண்டாள்தான்.

பிறகு சமஸ்கிருதம் அதைக் கோதா என்று வாங்கிக்கொண்டது. வேதாந்த தேசிகர் கோதாஸ்துதி பாடினார். கோ, தா என்று பிரித்தால் பசுவைத் தருபவள், பூமியைத் தருபவள், வாக்கைத் தருபவள் என்று கோ என்ற சொல்லின் பல பொருள்களுக்கும் உரை விரிக்கலாம். விரித்தார்கள். பக்தி உரையாக அது அழகானது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லின் பிறப்பு என்று அதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தமிழ்ச் சொல்லை வேற்று இலக்கணத்தின் கத்தியால் நறுக்கிய பொருள் அது. கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் பாடியபோது நூலுக்கு வைத்த தலைப்பு ஆமுக்தமால்யதா. சூடிய மாலையைக் கொடுத்தவள். தமிழின் சூடிக்கொடுத்த நாச்சியாரைப் பொருள் பிசகாமல் சமஸ்கிருதத்தில் வடித்தது இதுதான். மாலையை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டார் ராயர். இன்றைய புத்தகங்களோ கோதா தேவிக்கு ‘பூமி தந்தவள்’ என்று போட்டுவிட்டு நகர்கின்றன. மாலை எங்கே போயிற்று?

பழைய பெயர்களைப் பேசிவிட்டுத் திருமலைக் கல்வெட்டைச் சொல்லாமல் போகக்கூடாது. அங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். பல்லவர் குலத்து அரசி ஒருத்தி, வெள்ளியில் போக ஸ்ரீநிவாசர் திருமேனி செய்து கொடுத்ததை அவற்றில் ஒன்று சொல்கிறது. அவள் பெயர் சாமவை; காடவன் பெருந்தேவி என்றும் வழங்கினாள். ‘அவை’ என்ற அதே இறுதி சோழ இளவரசி குந்தவையின் பெயரிலும் கேட்கிறது. அவ்வை என்றால் தமிழில் மூத்தவள், தாய். தெலுங்கில் அவ்வ என்றால் இன்றும் பாட்டி. திருமலையில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் திருமேனி அது. கொடுத்தவளின் பெயரை ஒரு பெயர்ப் புத்தகமாவது எடுத்துக்கொண்டதா என்றால் இல்லை.

புதிய பெயர்களை எல்லாம் போலி என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். ஹாசினி என்ற பெயர் 2006இல் வந்த ‘பொம்மரில்லு’ தெலுங்குப் படத்துக் கதாநாயகியின் பெயர். 2008இல் ‘சந்தோஷ் சுப்ரமணியம்’ மூலம் தமிழுக்கும் வந்தது. சினிமாப் பெயர் என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். ஹாசினி என்றால் சிரிப்பவள். சுத்தமான சமஸ்கிருதம், சுஹாசினியின் தங்கை. லாஸ்யா என்பது மென்மையான பெண்நடனம். நாட்டிய மரபில் பார்வதியோடு சேர்த்துச் சொல்லப்படும் லாஸ்யம். இதுவும் தேறும். அன்விதா பாதி தேறும். அன்வித என்றால் கூடிய, சேர்ந்த என்று பொருள். ஒன்றோடு சேர்ந்தவள். புத்தகம் சொல்வதோ ‘இடைவெளியை இணைக்கும் பாலம்’. சேர்க்கைக்கும் பாலத்துக்கும் நடுவே இருக்கும் ஆற்றை ஆசிரியர் தம் கற்பனையால் தாண்டியிருக்கிறார்.

ஷனாயாவுக்கு ‘சூரியனின் முதல் கிரணம்’ என்று பொருள் சொல்கிறார்கள். சமஸ்கிருத அகராதியில் அப்படி ஒரு சொல் அந்தப் பொருளில் இல்லை. 2012இல் வந்த ‘ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்’ இந்திப் படத்தில் அந்தப் பெயருடைய பாத்திரம் வந்தது. பெயர் பரவியதற்கு அதுவே போதுமான காரணம். முதல் கிரணம் எங்கிருந்து புறப்பட்டது என்று எந்தப் புத்தகமும் காட்டுவதில்லை. மைராவின் கதை சுவையானது. ஆங்கிலக் கவிஞர் ஃபுல்க் கிரெவில் (1554–1628) தம் காதல் கவிதைகளில் வரும் பெண்ணுக்காகப் புனைந்த பெயர் அது. எந்தச் சொல்லிலிருந்து எடுத்தார் என்பது இன்றுவரை ஊகம்தான். நம் பட்டியல்களில் அது ‘அன்புக்குரியவள்’ என்ற பொருளோடு, சில இடங்களில் சமஸ்கிருதப் பெயர் என்ற முத்திரையோடும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. வனெஸா என்ற பெயரை ஜோனதன் ஸ்விஃப்ட் தம் தோழி எஸ்தர் வானம்ரியின் பெயர்த் துண்டுகளை ஒட்டி உண்டாக்கினார். அந்தக் கவிதை 1726இல் அச்சானது. 1807இல் ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். இன்று பெயர்ப் பட்டியல்களில் வனெஸாவுக்குப் பொருள் ‘பட்டாம்பூச்சி’. மகள் பெயரை அம்மாவுக்கு வைத்த மாதிரி. பொருள் பத்தி என்பது எப்படி நிரம்புகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. காலி இடத்தை விட்டுவைக்க முடியாது. ஏதாவது அழகானதைப் போட வேண்டும்.

இந்தத் தேவையைப் பெரிதாக்கியதில் நட்சத்திர எழுத்துக்குப் பங்கு உண்டு. அசுவினிக்கு சு, சே, சோ, லா. பரணிக்கு லி, லு, லே, லோ. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. திருவாதிரைக்கு கு, க, ங, ச என்று பஞ்சாங்கத்தில் அட்டவணை இருக்கிறது. லகரமும் ரகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம். அட்டவணையைக் கறாராகப் பிடித்தால் பரணியில் பிறந்த பெண்ணுக்குத் தனித்தமிழ்ப் பெயரே கிடையாது. ரோகிணியின் ‘வு’வும் முதலில் வராது. திருவாதிரையின் மூன்றாம் பாதமான ‘ங’வில் தொடங்கும் பெயர் தமிழில் மட்டுமல்ல, தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கிடைக்காது. எல்லா மெய்யையும் கட்டத்தில் நிரப்ப வேண்டும் என்று செய்த அட்டவணை, பெயர் வைப்பதற்காகச் செய்ததாகத் தெரியவில்லை. லோ, லே என்று எழுத்துக் கிடைத்த அப்பா என்ன செய்வார்? பெயரைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த பெயருக்கு ஒரு பொருளையும் கண்டுபிடிக்க வேண்டியதாகிறது. நியூமராலஜிக்காக ஒரு ‘ஏ’வைக் கூட்டி ஒரு ‘ஹெச்’சைச் சொருகுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை; ஆதார் மையத்தில் வரிசையில் நிற்பவர்களைக் கேளுங்கள்.

சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பாரஸ்கர கிருஹ்யசூத்திரம், பெண்பெயர் ஒற்றைப்படை அட்சரத்தில், ஆகாரத்தில் முடிய வேண்டும் என்கிறது. மனுஸ்மிருதி அதற்கும் மேலே போய், எப்படிப்பட்ட பெயருள்ள பெண்ணை மணக்கக்கூடாது என்று பட்டியல் போடுகிறது. நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு இவற்றின் பெயர் கொண்டவள் ஆகாதாம். ரோகிணி, ரேவதி, துளசி, கங்கம்மா, சுவர்ணமுகி, வெங்கடம்மா எல்லோரும் அவுட். கண்ணப்பரின் தாய் தத்தையும் கிளியாகையால் தப்பவில்லை. நல்ல வேளையாக இந்தச் சீமையில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் விஷயத்தில் ஊர்வழக்கு சாஸ்திரத்தைத் தோற்கடித்தது.

தமிழ்ப் பக்கத்துப் பட்டியல்களையும் அதே தராசில் வைக்க வேண்டும். யாழினி தேறும், சங்க நூல்களில் பாடினி இருக்கிறாள், அதே வார்ப்பில் யாழுடையவள் யாழினி. நிலாவுக்குச் சோதனையே தேவையில்லை. ஓவியா, இனியா என்று வரும்போது கொஞ்சம் நிறுத்த வேண்டும். ஓவியம் தமிழ், இனிமை தமிழ். ஆனால் பெண்பெயர் ஆகாரத்தில் முடிய வேண்டும் என்ற ஆசை பாரஸ்கரரிடமிருந்து வந்தது. தனித்தமிழ்ப் பெயர் என்று பெருமையோடு வைக்கும் பெயரின் கடைசி எழுத்து மட்டும் சமஸ்கிருத இலக்கணத்தில் நிற்கிறது. பிழை என்று சொல்லமாட்டேன். பழகிவிட்டால் அதுவும் தமிழ்தான். ‘தூய’ என்ற அடைமொழியை மட்டும் எடுத்துவிடலாம்.

இவ்வளவு சல்லடை எதற்கு என்று கேட்பவர் உண்டு. பெயர் ஓர் அடையாளம், கூப்பிட்டால் திரும்பினால் போதும், பொருள் எதுவானால் என்ன? வலுவான வாதம். அலமேலுவின் பாதிப் பொருளைப் பார்த்தபோது நானும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் நின்றேன். தெலுங்கு வீடுகளில் பெயர்சூட்டும் பாரசாலை நாளில் தாம்பாளத்து அரிசியில் அப்பா மோதிரத்தால் பெயரைத்தான் எழுதுகிறார், பொருளை எழுதுவதில்லை. ஆனால் இந்த வாதத்தை உடைக்கும் பெயர்கள் தூரத்தில் இல்லை. ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், நகரி வழியாக இறங்கினால் திருத்தணி. 1960 ஏப்ரல் 1 வரை அதுவும் சித்தூர் மாவட்டம்தான். அதற்குப் பக்கத்து நாராயணபுரத்தில் பெண் குழந்தைகளுக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்கும் வழக்கம் செய்தித்தாள்களில் வந்தது. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது. தமிழ்நாட்டில் போதும்பொண்ணு இருக்கிறாள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் நகுஷா என்ற பெயரோடு வளர்ந்த 285 பெண் பிள்ளைகளுக்கு 2011 அக்டோபரில் அரசு விழா எடுத்துப் பெயர் மாற்றியது. அந்தப் பிள்ளைகளிடம் போய்ப் பெயர் வெறும் அடையாளம் என்று சொல்லிப் பார்க்கலாம். வருகைப் பதிவேட்டில் தினமும் காலையில் ‘வேண்டாம்’ என்று கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று எழுந்து நிற்க வேண்டும். ஒரு பெயரின் பொருள் ஐயமில்லாமல் எல்லோருக்கும் விளங்கும்போது அது எவ்வளவு கனக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே பொருள் முக்கியம்தான். முக்கியம் என்பதாலேயே பொய்ப்பொருள் கூடாது. சேக்கிழார் சொல்லும் பெயர்சூட்டு நிகழ்ச்சி ஒன்று இந்தச் சீமையைச் சேர்ந்தது. வேடர் தலைவன் நாகன், பிறந்த பிள்ளையைக் கையில் ஏந்தினான்; திண்ணென்று கனத்தது; திண்ணன் என்று பெயர் வைத்தான். காளத்தி மலையில் பின்னால் கண்ணப்பர் ஆனவர் அவர். பட்டியல் இல்லை, எழுத்து இல்லை, கையில் இருந்த பிள்ளையே காரணம். பொருளுக்கும் பிள்ளைக்கும் நடுவே எந்தப் புத்தகமும் வரவில்லை. இன்று எல்லோரும் அப்படி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐசியூவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒன்றரைக் கிலோ குழந்தைக்குத் தந்தை என்ன பெயர் வைப்பார்? ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் இருந்தது, அதைக் கேட்டால் சொல்ல முடிந்தது.

பெயர்ப் புத்தகங்களைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பெயர்த் தொகுப்பாக அவற்றுக்குப் பயன் உண்டு, வாங்கலாம். பொருள் பத்தியைச் சான்றாக ஏற்க முடியாது. எந்த மொழி, எந்த நூல், அங்கே என்ன பொருள் என்று ஒரு வரி சேர்க்காத பதிப்பாளருக்கு அந்தப் பத்தியை அச்சிடும் உரிமை இல்லை. ஹாசினியும் லாஸ்யாவும் பிரசூனாவும் யாழினியும் கேள்விகளைத் தாங்குகிறார்கள். சஹஸ்ரா நல்ல பெயர், ஆனால் ஆயிரம் என்று சொல்லி வையுங்கள். அன்விதாவுக்குப் பாலம் வேண்டியதில்லை. ஷனாயா என்று வைக்க விரும்பினால் ஒலிக்காக வைத்தோம், படத்துக்காக வைத்தோம் என்று சொல்லுங்கள். இல்லாத சூரியனை இழுக்க வேண்டாம். இப்போது ஏர்பேட்டில் ஒரு பெண் பிறந்து, தமிழ்ப்பாட்டியும் தெலுங்குத் தாத்தாவும் பெயருக்காக மல்லுக்கட்டினால், என் வாக்கு கோதைக்கு. காளத்தி அம்மனின் பெயரிலும் இருக்கிறது, ஆண்டாள் பெயராகவும் இருக்கிறது, சேரன் காசிலும் இருக்கிறது; தெலுங்கில் கோதா என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் யாராவது பொருள் கேட்டால் ‘மாலை’ என்று சொன்னால் போதும்.